லாங் பஜார் சந்துக்குள் ஒரு குற்றக் கதை அறை: பழைய காமிக்ஸ் கடை விமர்சனம்

வேலூர் லாங் பஜாரிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் இருக்கிறது இந்தக் கடை. பெயர்ப் பலகை கிடையாது. "பழைய புக்கு கடை எங்க?" என்று கேட்டால் வெங்காயம் எடை போடுகிறவர்களே கை காட்டுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் நீட் கைடு, பாலிடெக்னிக் புத்தகம், போன வருஷத்துப் பிளஸ் டூ நோட்ஸ் என்று எல்லா ஊரிலும் இருக்கிற கடைதான். கல்லாவைத் தாண்டி உள்ளே போனால் எட்டடிக்குப் பத்தடியில் ஓர் அறை. தரையிலிருந்து தகரக் கூரை வரை குற்றக் கதைகள்: முத்து, லயன், ராணி காமிக்ஸ், பாக்கெட் நாவல்கள், ஒரு மூலையில் ஆக்‌ஷன் பட டிஸ்குகள். துப்பாக்கியும் இருட்டுச் சந்தும் நம்பக் கூடாத கூட்டாளிகளும் நிறைந்த கதைகளைத் தேடி அலைகிறவர்கள் வட ஆற்காட்டுப் பக்கம் முதலில் போக வேண்டிய இடம் இதுதான். ஆனால் அதே கடையில் செய்துதரும் பைண்டிங்குக்கு ஒரு புத்தகத்தைக்கூடக் கொடுக்கக் கூடாது. இரண்டுக்கும் காரணம் இருக்கிறது.

முதல் காரணம், அடுக்கி வைத்திருக்கும் முறை. மற்ற கடைகளில் கதாநாயகன் பெயரை வைத்து அடுக்குவார்கள், அல்லது குவித்துப் போட்டுவிடுவார்கள். இங்கே படம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துப் பிரித்திருக்கிறார் கடைக்காரர்: செய்தித்தாள் ஸ்ட்ரிப் ஒரு தட்டு, பிரிட்டிஷ் வாரப் பத்திரிகைத் தொடர் ஒரு தட்டு, இத்தாலி ஒன்று, பிரெஞ்சு–பெல்ஜியம் ஒன்று. தமிழில் குற்றக் காமிக்ஸ் வாங்குகிறவருக்கு இதைவிட உதவியான பிரிவு கிடையாது. ஏனென்றால் தமிழ்ப் பதிப்பில் எது குறைந்திருக்கும், எது முழுசாக வந்திருக்கும் என்பதைத் தீர்மானிப்பது அந்த மூல வடிவம்தான்.

செய்தித்தாள் ஸ்ட்ரிப்பை எடுத்துக்கொள்வோம். துப்பறிவாளர் ரிப் கெர்பி, உளவாளி காரிகன், மாடஸ்டி கதைகள் எல்லாம் தினசரிப் பத்திரிகையில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று கட்டமாக வந்தவை. நீளவாக்கில் வரைந்த அந்தப் பட்டையை நம்ம ஊர் பாக்கெட் சைஸ் பக்கத்தில் உயரவாக்கில் அடுக்க வேண்டும். மூன்றாவது கட்டம் கீழே இறங்கும். இடம் போதாவிட்டால் ஓரம் வெட்டுப்படும். துப்பறியும் கதையில் ஓரத்தில் நிற்கிற ஆள்தான் பல சமயம் முக்கியமான ஆள். அடுத்தது, நேற்று படிக்காதவருக்காக ஒவ்வொரு நாளின் முதல் கட்டமும் பழைய விஷயத்தை லேசாகத் திரும்பச் சொல்லும். புத்தகமாகத் தொடர்ந்து படிக்கும்போது "இதைத்தானே இப்ப சொன்னாங்க" என்று தோன்றினால் மொழிபெயர்ப்பாளரைக் குறை சொல்லாதீர்கள், வடிவமே அப்படி.

ஹார்ட்பாயில்ட் எனப்படும் கரடுமுரடான துப்பறியும் கதைகளின் ரசிகர்கள் இந்தத் தட்டில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். நாம் காரிகன் என்று படித்த உளவாளியின் மூலம் 1934இல் அமெரிக்கப் பத்திரிகைகளில் தொடங்கிய சீக்ரெட் ஏஜென்ட் எக்ஸ்-9. ஆரம்பத்தில் கதை எழுதியவர் டாஷியல் ஹேமெட். எழுத்தாளராவதற்கு முன் பிங்கர்ட்டன் நிறுவனத்தில் நிஜத் துப்பறிவாளராக வேலை பார்த்தவர். படம் வரைந்தவர் அலெக்ஸ் ரேமண்ட். அதே ரேமண்ட் 1946இல் உருவாக்கியவர்தான் மூக்குக்கண்ணாடி போட்ட ரிப் கெர்பி. 1956இல் கார் விபத்தில் ரேமண்ட் இறந்த பிறகு ஜான் பிரென்டிஸ் தொடர்ந்து வரைந்தார். தட்டில் ரிப் கெர்பி இதழ்கள் கலந்துதான் இருக்கும். உடையின் மடிப்புகளையும் பின்னணி நிழலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டு கை வித்தியாசம் தெரியும். காரிகனில் 1967 முதல் 1980 வரை ஆர்ச்சி குட்வின் கதை, அல் வில்லியம்சன் படம். அந்தக் காலக் கதை கிடைத்தால் விலை பார்க்காமல் எடுத்துவிடலாம். மழை பெய்கிற இரவுத் தெருவைக் கறுப்பு மையாலேயே நனைத்துக் காட்டியவர் வில்லியம்சன்.

மாடஸ்டி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1984 ஜூலையில் லயன் காமிக்ஸ் தொடங்கியதே 'கத்தி முனையில் மாடஸ்டி'யுடன்தான். பீட்டர் ஓ'டானல் எழுதி ஜிம் ஹோல்டவே வரைந்து 1963இல் லண்டனில் தொடங்கிய தொடர். குற்றக் கும்பலை நடத்திச் சம்பாதித்துவிட்டு ஓய்வு பெற்ற ஒரு பெண், சலிப்பாலும் நட்பாலும் திரும்ப ஆபத்தில் இறங்குகிறாள். சண்டைக்கு முன் கதவு எங்கே, விளக்கு எங்கே, யார் கையில் என்ன என்று கட்டம் கட்டமாகக் காட்டிவிடுவார்கள். அதனால் அடி விழும்போது எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியும். இன்றைய ஆக்‌ஷன் படங்களில் கேமரா ஆடுகிற ஆட்டத்தில் காணாமல் போவது இதுதான்.

பிரிட்டிஷ் தட்டில் கூட்டம் எப்போதும் அதிகம். 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவி, பிறகு ஸ்பைடர், லாரன்ஸ்–டேவிட், ஜானி நீரோ. இவற்றில் மாயாவி, ஸ்பைடர் போன்றவை வாரப் பத்திரிகையில் வாரத்துக்கு இரண்டு பக்கம் வீதம் வந்தவை. அதனால்தான் கதையில் இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை யாராவது மாடியிலிருந்து விழுகிறார்கள். மூலத்தில் ஒரு பெரிய பக்கத்தில் நெருக்கமாக இருந்த கட்டங்களைப் பிரித்துத்தான் நம்ம சைஸுக்குக் கொண்டுவர வேண்டும்; பக்கத்தின் முழு அமைப்பு இதில் போய்விடும். ஆனாலும் ஸ்பைடரைத் தவறவிடக் கூடாது. குற்ற உலகத்துக்குச் சக்கரவர்த்தியாக வேண்டும் என்று கிளம்பும் ஒரு வில்லனே கதாநாயகன். 1965இல் தொடங்கிய இந்தத் தொடரைக் கொஞ்ச காலத்தில் எழுதத் தொடங்கியவர் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். ரெக் பன்னின் கோடுகள் மெல்லியவை, அடர்த்தியானவை. மலிவான தாளில் அச்சாகும்போது மை பரவிக் கறுத்துவிடும். இரண்டு பிரதி இருந்தால் ஸ்பைடரின் முகத்தை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். மூக்கின் கீழ் உள்ள கோடுகள் தனித்தனியாகத் தெரிகிற பிரதியை எடுங்கள்.

இத்தாலித் தட்டு சிறியது. அந்த நாட்டுக் காமிக்ஸ் பதிப்பகமான போனெல்லியின் சைஸ் ஏறத்தாழ 16க்கு 21 சென்டிமீட்டர், பெரும்பாலும் மூன்று வரிசைக் கட்டங்கள், கறுப்பு வெள்ளை. நம்ம தமிழ்ப் பதிப்புக்கு இதுதான் மிகவும் ஒத்துப்போகிற வடிவம். வெட்டவும் வேண்டாம், நீட்டவும் வேண்டாம். நியூயார்க் கொலைப் பிரிவுப் போலீஸ்காரர் நிக் ரைடர், நமக்கு சி.ஐ.டி. ராபின். விசாரணை, சாட்சி, தவறான ஆள், திரும்ப விசாரணை என்று நடக்கிற நிஜமான போலீஸ் கதை வேண்டுமென்றால் ராபின்தான்.

பிரெஞ்சு–பெல்ஜியம் தட்டில் ஒரு எச்சரிக்கை. அந்த ஆல்பங்கள் பெரிய பக்கத்தில் வண்ணத்துக்காக வரைந்தவை. 2012 ஜனவரியில் லயன் கம்பேக் ஸ்பெஷல் வந்த பிறகு நல்ல தாளில், பெரிய அளவில், வண்ணத்தில் கிடைக்கத் தொடங்கின. அதற்கு முன் சிறிய சைஸில் கறுப்பு வெள்ளையாக வந்த இதழ்களில் இரவுக் காட்சிகள் கறுப்புத் திட்டாகிவிடும். XIII தொடரின் தமிழ்ப் பதிப்பான இரத்தப் படலம் இதில் தனி விஷயம். ஞாபகம் இழந்தவன், காறை எலும்புக்கு மேலே XIII என்ற பச்சை குத்து, தான் யார் என்பதைத் தேடும் பயணம். வான் ஹாம் எழுத, வில்லியம் வான்ஸ் வரைந்து 1984இல் தொடங்கி, 2007இல் 19ஆம் பாகத்தோடு முதல் சுற்று முடிந்தது. முதல் பாகத்தில் வந்த ஒரு முகம் பல பாகங்கள் தள்ளி வேறு பெயரில் வரும். அதனால் நடுவில் ஒன்று இரண்டு கிடைக்கிறதே என்று உதிரியாக வாங்காதீர்கள். தொடர்ச்சியாகக் குறைந்தது ஐந்து பாகமாவது இருந்தால் எடுங்கள், இல்லையென்றால் தொகுப்புக்குக் காத்திருங்கள்.

இனி கல்லாவில் செய்ய வேண்டியது. கடைக்காரரே இதைச் சொல்லிவிடுவார்: "எண்ணிப் பாத்துட்டு துட்டு குடு சார். அப்புறமா வந்து நடுப்பக்கம் இல்லன்னா நான் இன்னா பண்றது?" அந்த நேர்மைக்காகவே இந்தக் கடையைப் பரிந்துரைக்கலாம். எண்ணும்போது பக்க எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. பின் அடித்த புத்தகத்தில் நடுத்தாள் என்பது நான்கு பக்கம். அது கழன்று போனால் நடுவில் தொடர்ச்சியாக நான்கு எண்கள் குறையும். வேறு தாள் போனால் முன்பாதியில் இரண்டு, பின்பாதியில் இரண்டு குறையும். முன்பாதியில் ஒரு தாள் கிழிந்திருக்கிறது என்று கண்டுபிடித்தால், பின்பாதியில் அதன் ஜோடி தொங்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். கொலையாளியின் பெயர் அந்த ஜோடியில்தான் இருக்கும்.

அட்டையை விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடியுங்கள். பழைய ஆஃப்செட் அட்டையில் மடிப்பு விழுந்த இடத்தில் மை உதிர்ந்து வெள்ளை நூலாகத் தெரியும். கலர் ஜெராக்ஸ் அட்டையில் அந்த மடிப்பே அச்சாகியிருக்கும், விரலால் தடவினால் வழவழவென்று ஓடும். இந்தக் கடையில் ஜெராக்ஸ் அட்டைக்கு உள்பக்கம் பென்சிலில் 'ஜெ' என்று எழுதி விலையைப் பாதியாக்கியிருக்கிறார்கள். வேறெங்கும் இந்தப் பழக்கம் இல்லை. மறுபதிப்பா முதல் பதிப்பா என்ற குழப்பம் வந்தால் ஆசிரியர் பக்கத்தையும் அடுத்த வெளியீடு விளம்பரத்தையும் படியுங்கள். அட்டையில் உள்ள விலையும் அந்த விளம்பரத்தில் உள்ள விலையும் ஒரே காலத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும்.

துருப்பிடித்த பின்னை எல்லோரும் அலட்சியம் செய்கிறார்கள். எண்பதுகளின் ஒரு லயன் இதழை நடுவில் பிரித்துப் பாருங்கள். பின்னைச் சுற்றி மிளகு அளவுக்குப் பழுப்பு வட்டம். வட்டத்துக்குள் தாள் அப்பளம்போல் ஆகியிருக்கும், நகம் பட்டால் பொடியும். இரண்டு வட்டமும் சின்னதாக இருந்தால் புத்தகத்தைக் காப்பாற்றலாம். பின்னை வெளியிலிருந்து இழுக்கக் கூடாது. நடுப்பக்கத்தில் மடங்கியிருக்கும் கால்களை மெல்லிய தகடு கொடுத்து நிமிர்த்தி, நேராக்கி, பிறகு முதுகுப் பக்கமாக எடுக்க வேண்டும். அதே ஓட்டைகளில் வெள்ளைப் பருத்தி நூலைக் கோத்து உள்ளே முடிச்சுப் போட்டால் போதும். இறுக்கிக் கட்டினால் நூலே தாளை அறுத்துவிடும். கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டிய பிரதி என்றால் வேண்டாம்; அந்தப் பசை சில வருஷத்தில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும், எடுக்கவே முடியாது.

பைண்டிங் விஷயத்துக்கு வருவோம். பத்து இதழைச் சேர்த்து ஒரு கெட்டி அட்டைத் தொகுப்பாகக் கட்டித் தருகிறோம் என்று இங்கே எழுதிப் போட்டிருக்கிறார்கள், விலையும் குறைவு. ஆனால் பக்கவாட்டில் ஓட்டை போட்டுத் தைக்கிறார்கள். முதுகிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே போகிறது தையல். பாக்கெட் சைஸ் காமிக்ஸில் உள் ஓரம் அவ்வளவு கிடையாது. உள்பக்கக் கட்டங்களில் பாதி வசன பலூன் முதுகுக்குள் போய்விடும். அதற்குமேல் மூன்று பக்கமும் கட்டிங் மெஷினில் கொடுத்துச் சமப்படுத்துகிறார்கள். ஒரே சைஸில் இல்லாத பத்து இதழைச் சமப்படுத்தினால் மிகச் சின்ன இதழின் அளவுக்கு மற்றது எல்லாம் வெட்டுப்படும். பக்க எண் போகும், மேல் வரி வசனத்தின் தலை போகும். இப்படிக் கட்டிய தொகுப்புகள் ஏழெட்டு அதே அறையில் விற்பனைக்கு இருக்கின்றன; பிரித்துப் பார்த்தாலே மனசு கேட்காது. ஒன்றாக வைக்க வேண்டுமென்றால் பைண்டரிடம் அளவு சொல்லி, கனமான அட்டையில் துணி ஒட்டிய பெட்டி மட்டும் செய்யச் சொல்லுங்கள். வேலை சுத்தமாகவே செய்கிறார். இதழைத் தொடாமல் பெட்டி மட்டும் என்றால் அவரிடம் தாராளமாகக் கொடுக்கலாம்.

வேலூர் வெயிலில் வைத்துக் காப்பாற்றுவது தனி வேலை. நியூஸ்பிரிண்ட் தாளில் மரக்கூழில் உள்ள லிக்னின் என்ற பொருள் அப்படியே இருக்கிறது; வெளிச்சமும் சூடும் பட்டால் மஞ்சளாகி, அமிலம் ஏறி, மொறுமொறுப்பாகிவிடும். மே மாதம் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில் பரண் மேலும் மொட்டை மாடி அறையிலும் வைக்கவே கூடாது. கீழ்த்தளத்தில், வெளிச்சுவரை ஒட்டாத மர பீரோவில், தரையிலிருந்து அரை அடி மேலே. கடையில் கவர் போட்டுத் தருகிறார்கள், அது மெல்லிய பாலிப்ரொப்பலீன் கவர், நல்லது. வெளியில் கிடைக்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் கவர் புது மழைக்கோட்டு வாசனை அடித்தால் பி.வி.சி.; அது அட்டை மையோடு ஒட்டிக்கொள்ளும். அந்துருண்டையைத் தாளின்மேல் நேராகப் போடாதீர்கள். பூச்சி அரித்த இதழ் வாங்கினால் வீட்டுக்குள் நுழைத்ததும் இரண்டு கவரில் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு கவரைப் பிரிக்காமல் ஒரு நாள் விட வேண்டும், இல்லையென்றால் வியர்த்து நனைந்துவிடும்.

2012க்குப் பிறகு வந்த ஆர்ட் பேப்பர் இதழ்களுக்கு எதிர்ப் பிரச்சினை. சூடு அவ்வளவு கெடுக்காது, ஈரம் கொன்றுவிடும். தாளின் மேல் பூச்சு நனைந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல்லாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தக் கடையின் தகரக் கூரை இரண்டு இடத்தில் சொட்டுகிறது. மழைக் காலத்தில் வண்ண இதழ் வாங்கினால் கீழ் ஓரத்தைக் கட்டைவிரலால் சரசரவென்று விட்டுப் பாருங்கள். எங்காவது தட்டினால் அங்கே ஒட்டியிருக்கிறது.

டிஸ்க் மூலை. ஹாங்காங் துப்பாக்கிப் படங்களும் பழைய ஹாலிவுட் போலீஸ் படங்களும் கொஞ்சம் இருக்கின்றன. ஒளிக்கு நேரே பிடித்து ஊசி ஓட்டைபோல வெளிச்சம் தெரிந்தால் உலோகப் படலம் உதிர்ந்துவிட்டது, வாங்காதீர்கள். கீறலைவிட இது மோசம். ஹாங்காங் வி.சி.டி.யில் ஒரே சமயத்தில் இரண்டு குரல் கேட்டால் டிஸ்க் கெட்டது என்று திருப்பிக் கொடுக்க வேண்டாம். இடது பக்கத்தில் ஒரு மொழி, வலது பக்கத்தில் ஒரு மொழி பதிந்திருப்பார்கள். பேலன்ஸை ஒரு பக்கம் தள்ளினால் சரியாகிவிடும். டி.வி.டி. என்றால் எந்தப் பகுதிப் பிளேயரில் ஓடும் என்று சொல்லும் ரீஜன் எண் பாருங்கள், இந்தியாவுக்கு 5, ஹாங்காங்குக்கு 3. பழைய பிளேயர் 3ஐ ஏற்காது. ஸ்கெட்ச் பேனாவில் பெயர் எழுதிய டிஸ்குகளை விட்டுவிடுங்கள்.

விலைக்குப் பேரம் பேசலாம், ஆனால் அட்டையோடு இருக்கும் எழுபதுகளின் முத்து இதழ்களுக்குக் கடைக்காரர் ஒரு ரூபாயும் குறைப்பதில்லை. ராணி காமிக்ஸ் கட்டாக எடுத்தால் நன்றாகக் குறைப்பார். 1984 முதல் 2005 வரை மாதம் இரண்டாக ஐந்நூறு இதழ் வந்த பத்திரிகை, அதனால் வரத்து இன்னும் இருக்கிறது. ஜேம்ஸ் பாண்ட் கதைகளைத் தேடுகிறவர்கள் அந்தக் கட்டுகளைத்தான் கிளற வேண்டும். ஜிபே வாங்குகிறார்கள், கார்டு கிடையாது. பின் அறையில் மின்விசிறி இல்லை, ஒரே ஒரு டியூப்லைட். கைப்பேசி டார்ச் அவசியம். மதியம் ஒன்றரை முதல் நான்கு வரை பூட்டிவிடுவார்கள். வண்டியைக் கோட்டைப் பக்கம் நிறுத்திவிட்டு நடப்பதுதான் சுலபம்.

சரக்கு அதிகம் வருவது மார்கழிக் கடைசியில். போகிக்கு வீட்டைக் காலி செய்கிறவர்கள் எடைக்குப் போடுவதைப் பேப்பர்காரர்களிடமிருந்து இவர் மொத்தமாகப் பிரித்து வாங்குகிறார். பொங்கல் முடிந்த முதல் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் போனால் பிரிக்காத சாக்கு மூட்டைகளையே காட்டுவார். ஜூனில் போகாதீர்கள். பள்ளிக்கூடம் திறக்கிற மாதம். பின் அறை வாசலையே நோட்டுக் கட்டுகள் அடைத்திருக்கும்.